கலர் டிரஸ்

சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஐந்தாவது பீரியடுக்கு மணி அடித்தது. வராந்தாத் தகரத்தின் மேல் மழை போட்ட சத்தமும் உள்ளே பிள்ளைகள் போட்ட சத்தமும் சேர்ந்து அந்த மணியை விழுங்கிவிட்டதால், அடித்திருக்கும் என்ற நம்பிக்கையில்தான் செண்பகவல்லி டீச்சர் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் கண் தேடியது அந்த மஞ்சளைத்தான். காணோம். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் சுவரோரமாக, காலை முதல் பீரியடில் யூனிஃபார்ம்களுக்கு நடுவே பளிச்சென்று உட்கார்ந்திருந்த மஞ்சள் சுடிதார் இப்போது இல்லை. அந்த இடத்தில் ஈரமான புத்தகப்பை ஒன்று சுவரில் சாய்ந்து கிடந்தது. பிறந்தநாள் பிள்ளையாயிற்றே, மிட்டாய் கொடுக்க வகுப்பு வகுப்பாகப் போயிருப்பாள், வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்தபோதே மனசு லேசாக இனித்தது. ஏனென்றால் அந்தப் பிறந்தநாளைக் கண்டுபிடித்ததே அவள்தான். ஐந்து மாத ஆசிரியர் வாழ்க்கையில் அவள் தானாகக் கண்டுபிடித்துச் சரியாக வந்த ஒரே விடை அதுதான் என்றுகூடச் சொல்லலாம். ‘சிலிப் டெஸ்ட்’ என்று சொல்லி, ஈரம் பாய்ந்த கரும்பலகையில் வழுக்கிக்கொண்டு போன சாக்பீஸை அழுத்தி அழுத்திக் கேள்விகளை எழுதினாள். a கூட்டல் b முழுவதும் ஸ்கொயர். எழுதியதில் பாதி பலகையில் தெரிந்தது, மீதி அவள் நகத்தில் தேய்ந்தது. கடைசி பெஞ்சு சபரீசன் எழுந்து, “டீச்சர், ரெண்டாவது கேள்வி கண்ணுக்கே தெரியலீங்க” என்றான். “தெரிஞ்சா மட்டும் எழுதிக் கிழிச்சிருவியாக்கும்” என்று சொல்ல வாயெடுத்தவள், வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்று மறுபடியும் அந்தக் கேள்வியின் மேலேயே எழுதிக் காட்டினாள். தலைகள் குனிந்தன. இனி அவளுக்கு வேலை ஒன்றுமில்லை. பெஞ்சுகளுக்கு நடுவே நடக்க வேண்டும், யாரும் யாரையும் பார்த்து எழுதாமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நடப்பதில் ஒரு தொந்தரவு, கால் நடந்தால் புத்தியும் நடக்க ஆரம்பித்துவிடும். ஈரத் துணி வாசனை, புளிச்சோறு வாசனை, யாரோ தலையில் வைத்திருந்த கனகாம்பரம் நசுங்கிய வாசனை. கனகாம்பரத்துக்கு வாசனை கிடையாது என்று அம்மா சொல்வாள், ஆனால் இந்த வகுப்பில் நசுங்கினால் அதற்கும் வாசனை வரும். காலையில் அவள் வந்தபோது இருந்த மனசுக்கு எந்தப் பூவும் பூவாகத் தெரிந்திருக்காது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே புடவைக் கரை முழங்கால் வரைக்கும் சேறு. தலைமையாசிரியை அறையில் எல்லாரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வருகைப் பதிவை ஆப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லார் போனிலும் ஏறியது, இவள் போனில் மட்டும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. “எல்லாரும் போட்டாச்சு, உங்களுக்கு மட்டும் எப்படி டீச்சர் தினமும் சுத்துது?” என்று எச்.எம். கேட்டபோது, மழையும் செல்போன் டவரும் சொந்த ஊரான கோவில்பட்டியிலிருந்து தான் கையோடு கொண்டுவந்தவை என்பதுபோல அவள் தலைகுனிந்து நின்றாள். எங்கே கோவில்பட்டி, எங்கே இந்த அந்தியூர்ப் பக்கத்து மலையடிவாரம். கவுன்சலிங்கில் ஊர்ப் பெயரைப் பார்த்து, பெயர் நன்றாயிருக்கிறதே என்று கை வைத்தவள் அவள். வந்த புதிதில் இந்தப் பிள்ளைகள் வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுவதைக் கேட்டு, தன்னைக் கேலிதான் செய்கிறார்கள் என்று நினைத்து ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பதிலுக்கு அவள் ‘அங்கன வை’, ‘இங்கன வா’ என்றபோது அவர்கள் உண்மையிலேயே கேலி செய்தார்கள், அதை அவள் கவனிக்கவில்லை. கணக்கு கேலிக்கூத்தாகத்தான் போயிற்று. “புரிஞ்சுதா?” என்றால் “புரிஞ்சுதுங்க டீச்சர்” என்று நாற்பது குரலும் ஒரே ராகத்தில் வரும். மறுநாள் டெஸ்ட் வைத்தால் நாற்பது பேப்பரும் வெறும் பேப்பராக வரும். கத்திக் கத்திப் புரட்டாசியில் குரலே போய், பத்து நாள் சைகையில் பாடம் நடத்தினாள். புரட்டாசி என்றதும் நினைவு அங்கே போய் இடறியது. அவளுடைய பிறந்தநாள் அந்தக் குரலில்லாத நாட்களில்தான் வந்தது. அம்மா போன் பண்ணி, “ஏட்டி செண்பகம், பாயசம் வச்சியா?” என்று கேட்டபோது இவளால் ‘ஊம்’ என்றுகூடச் சொல்ல முடியாமல், அம்மா பயந்து, லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து மூன்று தடவை கூப்பிட்டாள். அன்றைக்கு ராத்திரி வாடகை அறையில் தயிர்சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. தெரியும்படி அவளும் நடந்துகொள்ளவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே தங்கமணி டீச்சர் சொன்ன சட்டம் ஒன்று இருந்தது. பக்கத்து ‘ஏ’ பிரிவுக்குத் தமிழ் எடுக்கிற தங்கமணி டீச்சர், இருபது வருஷ சர்வீஸ், நல்ல மனுஷி. சேர்ந்த அன்றைக்கே டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: “ஏனுங் டீச்சர், மொத ஆறு மாசத்துக்கு மட்டும் கிளாஸ்ல சிரிச்சுப்போடாதீங்க. சிரிச்சீங்க, தோள்மேல ஏறி உக்காந்துக்குவாங்க. அப்பறம் எறக்கவே முடியாது.” செண்பகவல்லி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றாவிட்டாலும் சிரிப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். பிள்ளைகள் தோள்மேல் ஏறத்தான் செய்தார்கள், இவள் சிரிக்காதது ஒன்றுதான் மிச்சம். ஆனால் இன்று காலையில், எச்.எம். அறையிலிருந்து நேராக அழுகையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தவள் கண்ணில், இருட்டு வகுப்பில், அந்த மஞ்சள் பட்டுவிட்டது. மழைக்கு அசெம்பிளி இல்லை, அதனால் அந்தப் பிள்ளையை அவளுக்கு முன்னால் எந்த டீச்சரும் பார்த்திருக்கவில்லை. கோகிலவாணி. ஒடிசலாக, நெடுநெடுவென்று, கேட்டால் மட்டும் பேசுகிற பெண். “அட! கோகிலாவுக்கு இன்னைக்குப் பிறந்தநாளா!” கத்தியே விட்டாள். சட்டமெல்லாம் எங்கே போயிற்றோ, முகம் தானாக விரிந்துகொண்டது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண் எழுந்து நின்று, இவளையே பார்த்து, “ஆமாங்க டீச்சர்” என்றாள். இவளே ஆரம்பித்தாள், எல்லாரும் பாடினார்கள், கை தட்டினார்கள். சபரீசன் பெஞ்சில் தாளம் போட்டான், அதைக்கூட விட்டுவிட்டாள். அதற்கப்புறம் நடந்ததுதான் அதிசயம். அந்தப் பீரியட் முழுக்கப் பிள்ளைகள் பாடம் கவனித்தார்கள். a-க்கு ஒரு கட்டம், b-க்கு ஒரு கட்டம், மூலையில் இரண்டு a b என்று அவள் படம் போட்டுக் காட்டியபோது, “ஓ, ரெண்டு தடவ வருதுல்ல!” என்று யாரோ தானாகச் சொன்னார்கள். தானாக! அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு கணம் பலகையைப் பார்த்தபடியே நின்றாள். அப்புறம் மணி அடிக்கிற சமயத்தில், சந்தோஷம் தாங்காமல், கொஞ்சம் விளையாட்டாக, “சரி கோகிலா, சாக்லேட் எங்கே?” என்று கேட்டாள். “மத்தியானம் தர்றனுங்க டீச்சர்” என்றாள் அந்தப் பெண். வகுப்பு ஹோவென்று கத்தியது.

ஜன்னல் பக்கத்துப் பையன் பேப்பரில் ஒரு கட்டம் போட்டு, அதற்குள் இன்னொரு கோடு கிழித்து, மூலையில் ‘ab’ என்று எழுதுவதை அவன் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு, அவனுக்குத் தெரியாமல் நகர்ந்தாள். தோளைத் தட்டிக் கொடுத்தால் பயந்துவிடுவான். பெண்கள் பக்கம் திரும்பியபோது மறுபடியும் அந்தக் காலி இடம். பக்கத்தில் கௌசல்யா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், இல்லை, எழுதவில்லை, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேதான் புத்தி மாட்டிக்கொண்டது. கௌசல்யா இங்கே இருக்கிறாளே? பிறந்தநாள் பிள்ளை தனியாகப் போகாது. எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலும் போகாது. கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வகுப்பு வகுப்பாக ஏறி, “எக்ஸ்கியூஸ் மீ டீச்சர்” என்று வாசலில் நிற்க ஒரு துணை வேண்டும். உயிர்த்தோழியாகப் பார்த்துத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தத் தோழிக்கு அன்று அரை நாளுக்கு யாரும் கேள்வி கேட்க முடியாத பதவி, அந்தப் பதவிக்காக ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே சண்டை நடக்கும். கோகிலாவுக்கு உயிர் கௌசல்யா. சத்துணவுக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போவதுகூட இரண்டு பேரும் சேர்ந்துதான். கௌசல்யா இங்கே என்றால் அவள் யாரைக் கூட்டிக்கொண்டு போனாள்? சண்டையோ என்னவோ. வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போயிருப்பாள். வேறு எந்த இடமும் காலியில்லையே. ‘ஏ’ பிரிவில் யாராவது இருக்கலாம். இருக்கலாம், இருக்கலாம். அந்தச் சுடிதாரின் கை வேறு நினைவுக்கு வந்தது. காலையில் எழுந்து நின்றபோது மணிக்கட்டுக்கு நாலு விரல்கடை மேலேயே நின்றுபோயிருந்தது. பிறந்தநாளுக்கு எடுத்த புதுத்துணி அப்படியா இருக்கும்? பார்த்தாள்தான், பார்த்ததை மனசு வாங்கிக்கொள்ளவில்லை. மஞ்சள் மட்டும் போதும் என்று இருந்துவிட்டது.

அவளுக்கு அப்படித்தான், கலர் டிரஸ் என்றால் பிறந்தநாள், வேறு யோசனையே வராது. அதற்குக் காரணம் உண்டு. ஏழாவது படிக்கும்போது, அம்மா தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த காலத்தில், பிறந்தநாளுக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தாயிற்று. தையல்கடைக்காரர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து அன்றைக்கும் தரவில்லை. இவள் அழுதுவிட்டு யூனிஃபார்மிலேயே மிட்டாய்ப் பையோடு போனாள். “பிறந்தநாளா? யூனிஃபார்ம்ல என்னட்டி பிறந்தநாளு?” என்று வகுப்பு டீச்சர் சிரித்தார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, சும்மாதான் சிரித்தார். ஆனால் வகுப்பே சிரித்தது. மிட்டாயை எல்லாரும் வாங்கித் தின்றார்கள், ஒருத்தரும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள், “நான் பெரிய டீச்சரானா யார் கலர் டிரஸ் போட்டு வந்தாலும் நானே முதல்ல ஹேப்பி பர்த்டே சொல்லுவேன்.” சொன்னபடியே செய்தாயிற்று. அம்மா ஞாபகம் வந்ததும் நாற்காலியில் மாட்டியிருந்த கைப்பையும் ஞாபகம் வந்தது. போன வாரம் அம்மா பார்சலில் அனுப்பிய கடலைமிட்டாய் அதற்குள் பிரிக்காமல் கிடக்கிறது. “உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் குடுட்டி, நம்மூரு மிட்டாய்னு சொல்லிக் குடு” என்று போனில் ஒரே பிடிவாதம். கணக்கில் வெறும் பேப்பர் கொடுக்கிற இந்தக் கழுதைகளுக்கு அது ஒன்றுதான் குறைச்சல் என்று அவள் பிரிக்கவே இல்லை. தினமும் பையில் கொண்டுவந்து, தினமும் திருப்பிக் கொண்டுபோனாள். அறையில் வைத்தால் எறும்பு வந்துவிடும்.

மணியைப் பார்த்தாள், பாதி பீரியட் போயிருந்தது. எந்தப் பிறந்தநாளும் இவ்வளவு நேரம் ஆகாது, மொத்தப் பள்ளிக்கூடமே ஒன்பது வகுப்புதான். “கௌசல்யா, இங்க வா.” அந்தப் பெண் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு மேசைக்கு வந்தாள். “கோகிலா எங்க?” துப்பட்டா விரலில் இன்னும் ஒரு சுற்று ஏறியது. “யாரைக் கூட்டிட்டுப் போனா?” இன்னொரு சுற்று. “சொல்லும்மா, திட்டமாட்டேன்.” கௌசல்யா வகுப்பைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலை இறக்கினாள். “சாப்பாட்டு பெல் அடிச்சதும் போனாளுங்க டீச்சர். கடைக்குப் போயிட்டு வந்தர்றேன்னு போனா. இன்னும் வரலீங்க.” எந்தக் கடைக்கு என்று கேட்க வேண்டியதில்லை, இருப்பது ஒரே கடை, அதுவும் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். “ஏன் தனியா விட்ட? பிறந்தநாளுன்னா நீதானே கூடப் போவ?” கௌசல்யாவின் கண் நிறைந்துவிட்டது. “அவளுக்கு இன்னைக்குப் பொறந்தநாளே இல்லீங்க டீச்சர். அவளுது ஆனி மாசமுங்க, நீங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. நாந்தான் கூடப் போனேன்.”

“போய் உக்காரு” என்றாள் செண்பகவல்லி. முதலில் வந்தது கோபம்தான், அதை மறைப்பானேன். ஏமாற்றிவிட்டாள். யூனிஃபார்ம் போடாமல் வந்ததற்குத் தப்பிக்க, டீச்சர் ஏமாந்தவள் என்று பார்த்து, ஆமாங்க என்று ஒரு பொய். இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும், நாற்பது பேருக்கும் தெரிந்திருக்கும், ஆனியில்தானே அத்தனை பேரும் அவளிடம் மிட்டாய் வாங்கித் தின்றிருப்பார்கள். பாடினார்களே! கை தட்டினார்களே! ‘எல்லாரும் சேர்ந்து என்னை வைத்துச் சிரித்திருக்கிறார்கள்.’ முகம் சுட்டது. ஆனால் அந்தக் கோபம் நிற்கவில்லை, மழைச் சத்தத்தில் வேறு ஒன்று ஏறி வந்தது. ரோடு. இந்த மழையில் ரோடும் சாக்கடையும் ஒன்றாகக் கிடக்கும். கரும்பு லாரி வளைவில் ஹாரன் அடிக்காமல் வரும், மேலே ஏற்றிய கரும்பு இரண்டு பக்கமும் ரோட்டை அடைத்துக்கொண்டு வரும். பிள்ளைகள் தலையில் எதையாவது கவிழ்த்துக்கொண்டு, குனிந்து, பார்க்காமல் ஓடும். மஞ்சள் துணி மழையில் தூரத்துக்குத் தெரியுமா? தெரியும், தெரிய வேண்டும். சாக்லேட் எங்கே? யார் கேட்டது அதை? நீதான் கேட்டாய். பொய் சொன்னவள் சும்மா இருந்திருப்பாள், சாயந்திரம் மணி அடித்து வீட்டுக்குப் போயிருப்பாள். நீதான் பல்லை இளித்துக்கொண்டு, கிண்டலாக, சாக்லேட் எங்கே என்றாய். அவள் வேறு என்ன செய்வாள்? இல்லாத பிறந்தநாளுக்கு இல்லாத மிட்டாயைத் தேடி மழையில் போயிருக்கிறாள். எச்.எம்.மிடம் சொல்ல வேண்டும். சொன்னால், எப்போதிலிருந்து காணோம் என்பார், பீரியட் ஆரம்பத்திலேயே பார்த்தீர்களே ஏன் சொல்லவில்லை என்பார். அது சரியான கேள்விதான். வகுப்பை விட்டு வெளியே போகக்கூடாது என்று போன மீட்டிங்கில் இவளைப் பார்த்துத்தான் சொன்னார். இன்னும் ஐந்து நிமிஷம் பார்க்கலாமா? வந்துவிடுவாள். வாசலில் வந்து நிற்பாள், “உள்ள வரட்டுங்களா டீச்சர்” என்பாள். வாசலைப் பார்த்தாள். வாசலில் தூவானம்தான் வந்தது. சாக்லேட் எங்கே? கடவுளே, எங்கள் கோவில்பட்டிக் கோயில் செண்பகவல்லித் தாயே, அந்தப் பிள்ளை எங்கேயாவது ஒரு கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தால் போதும், நான் இனிமேல் இந்த வகுப்பில் ஒருத்தரையும் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். சொல்வாள்தான், நாளைக்கே சொல்வாள். ஆனால் அந்த நேரத்தில் அது சத்தியம்.

“நான் வர்ற வரைக்கும் எழுதுங்க” என்று வகுப்புக்குச் சொன்னாள். சத்தம் வரக்கூடாது என்று சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது. ‘ஏ’ பிரிவு வாசலில் நின்று, “தங்கமணி டீச்சர், என் கிளாஸைக் கொஞ்சம் பாத்துக்கங்க. ஒரு பிள்ளையைக் காணோம், என்னாலதான்” என்றாள். எச்.எம். கேட்டால் என்ன சொல்வது என்று யோசிக்கவே இல்லை. தங்கமணி டீச்சர் இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “போங்க போங்க, பாத்துக்கறனுங்க” என்றாள். குடையை எடுக்கத் தோன்றவில்லை. வராந்தாவில் இறங்கி, மைதானத்துத் தண்ணீரில் செருப்பு சொத சொதவென்று சறுக்க, கேட்டைப் பார்த்து ஓடினாள். புடவை காலைச் சுற்றியது. வேலைக்குச் சேர்ந்த பிறகு அவள் ஓடியது அன்றைக்குத்தான். கேட்டுக்கு முன்னால் சைக்கிள் ஸ்டாண்ட். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகச் சைக்கிள்கள். அந்த வரிசையின் கடைசியில், ஒரு சைக்கிள் கேரியரில், மஞ்சள்.

செண்பகவல்லி நின்றாள். மூச்சு வாங்கியது. அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யாமல் புடவைத் தலைப்பைப் பிழிந்தாள். கோகிலவாணி சடாரென்று எழுந்து நின்றாள். தலையெல்லாம் நனைந்து, கண் சிவந்திருந்தது.

“வந்தர்றேன்னுதானுங்க டீச்சர்…” என்று அவளே ஆரம்பித்தாள். “கடை மழைக்குத் தொறக்கவே இல்லீங்க. தொறப்பாங்கன்னு பாத்துட்டே நின்னேன். மிட்டாய் இல்லாம எப்படீங்க உள்ள வர்றது? தர்றேன்னு சொல்லிப்போட்டேன்.”

“ரோட்டைத் தாண்டியா போன?”

“பாத்துத்தானுங்க தாண்டுனேன்.”

“உனக்கு இன்னைக்குப் பிறந்தநாள் இல்லையாமே?”

அந்தப் பெண் கால் கட்டைவிரலால் ஈர மண்ணைக் கிளறினாள். “இல்லீங்க.”

“பின்ன என்னத்துக்கு இது?”

“யூனிஃபார்ம் காயலீங்க டீச்சர். அடுப்புக்கிட்டப் போட்டிருந்தோம், கருகிப்போச்சுங்க. இன்னொண்ணு எனக்குப் பத்தாது. இதுவும் போன வருச தீவாளிக்கு எடுத்ததுங்க.”

“அதைச் சொல்லியிருக்கலாம்ல, கோகிலா? சொன்னா நான் அடிக்கவா போறேன்? அதுக்குப் பயந்துக்கிட்டா ஆமான்னு சொன்ன?”

“அதுக்கில்லீங்க டீச்சர்.”

“பின்ன எதுக்கு?”

அவள் பக்கத்துச் சைக்கிளின் மணியை விரலால் தேய்த்தாள். தகரத்தில் மழை கொஞ்சம் இறங்கியது. “நீங்க சிரிச்சீங்க” என்றாள்.

“என்னது?”

“உள்ள வந்தோடனே என்னையப் பாத்துச் சிரிச்சீங்க டீச்சர். நீங்க சிரிச்சு நாங்க பாத்ததே இல்லீங்க. வர்றப்ப உங்க மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு, அழுகற மாதிரி. என்னையப் பாத்ததும் மாறிப்போச்சுங்க. இல்லைன்னு சொன்னா நிறுத்திப்போடுவீங்கன்னு…” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அதனாலதானுங்க எல்லாரும் ஒண்ணும் சொல்லாம பாடுனாங்க.”

செண்பகவல்லிக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை. சைக்கிள் மணிகளைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், மழையில் நிற்கிற கொடிக்கம்பத்தைப் பார்த்தாள். ஐந்து மாதமாக இந்தப் பிள்ளைகள் கவனிக்கவில்லை, கவனிக்கவில்லை என்று அம்மாவிடம் அழுதிருக்கிறாள். பலகையைக் கவனிக்கவில்லைதான். நாற்பது பேரும் அவள் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எப்போது தொண்டை கட்டியது, எப்போது எச்.எம். திட்டினார், எப்போது ஊர் ஞாபகம் வந்தது, எல்லாம் தெரிந்திருக்கிறது. ‘நான் ஒருத்தி, இவர்களை ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை.’ அழுகை வந்தது. காலையில் அடக்கியதும் சேர்ந்து வந்தது. மழையில் நனைந்த முகம், அதில் வித்தியாசம் தெரியாது என்று விட்டுவிட்டாள். கோகிலவாணிக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. “அழுகாதீங்க டீச்சர், இனிமே பொய் சொல்லமாட்டனுங்க” என்றாள் பதறிப்போய். “ஏய், வாய மூடு கழுதை” என்று சொல்லி, அவள் கையைப் பிடித்து, நீளம் பத்தாத அந்த மஞ்சள் கையை மணிக்கட்டு வரைக்கும் ஒருமுறை இழுத்துவிட்டாள். அது மறுபடியும் மேலேயே போய் நின்றுகொண்டது.

திரும்பி வந்தபோது வகுப்பில் ஈ பறக்கிற சத்தம் கேட்கும்போல இருந்தது. வாசலில் நின்றிருந்த தங்கமணி டீச்சர், “ஒரு சத்தம் போடலீங்க. எனக்கே பயமாப் போச்சு” என்று சொல்லிவிட்டு, நனைந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள். நாற்பது தலையும் நிமிர்ந்திருந்தது. கௌசல்யா பாதி எழுந்து நின்றாள். செண்பகவல்லி நேராக நாற்காலிக்குப் போய், கைப்பையைத் திறந்து, அம்மா அனுப்பிய பொட்டலத்தை எடுத்துக் கோகிலவாணி கையில் வைத்தாள். “இந்தா, பிரி. மத்தியானம் தர்றேன்னு சொன்னியில்ல? எங்க ஊரு கடலைமிட்டாய். கௌசல்யா, நீயும் கூடப் போ.” இரண்டு பேரும் பெஞ்சு பெஞ்சாகப் போனார்கள். கௌசல்யா அந்தப் பதவிக்குரிய மிடுக்கோடு பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டாள். கடக் மொடக்கென்று நாற்பது வாயிலும் கடலை உடைகிற சத்தம் கேட்டது. டெஸ்ட் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

சபரீசன்தான் எழுந்தான். வாயில் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, “டீச்சர், கோகிலாவுக்கு இன்னைக்குப் பொறந்தநாள் இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுங்களா?” என்றான்.

“தெரிஞ்சுபோச்சு.”

“அப்ப இது யாரு பொறந்தநாள் மிட்டாயிங்க?” கேட்டவன் அவனாகவே நின்று யோசித்தான். முகம் மெல்ல விரிந்தது. “டீச்சர், உங்களுக்குங்களா? அட, உங்களுக்குத்தானுங்களா? நீங்கதான் தெனமும் கலர் டிரஸ்ல வர்றீங்களே, நாங்க எப்படீங்க கண்டுபிடிக்கறது?”

வகுப்பு திரும்பியது. மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் பக்கத்துப் பையன், கௌசல்யா, எல்லாரும். “டீச்சருக்கா? டீச்சர், இன்னைக்குங்களா?” என்று ஒவ்வொரு பெஞ்சாகக் கேட்டது. செண்பகவல்லி இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். புரட்டாசியிலேயே முடிந்துபோனது, அன்றைக்கு எனக்குக் குரல்கூட இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அத்தனை முகமும் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டிருந்தது. இவர்கள் இப்படிச் சிரித்து அவளும் பார்த்ததே இல்லை.

“ஆமா” என்றாள். “இன்னைக்குத்தான்.”

எல்லாருக்கும் முன்னால் கை தட்டத் தொடங்கியது கோகிலவாணி.